மின்னஞ்சல் ரிலே அனுமதி

மின்னஞ்சல் ரிலே என்பது, தன் பயனருக்கு வராத, தன் பயனர் அனுப்பாத ஒரு மடலையும் ஓர் அஞ்சல் வழங்கி வாங்கி அடுத்த வழங்கிக்குக் கைமாற்றி விடுவதாகும். தன் பயனருக்கு வந்த மடலை அவர் கேட்டுக்கொண்டபடி வேறு முகவரிக்குத் திருப்பி அனுப்புவது முன்னனுப்புதல். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும், யார் பொறுப்பில் மடல் செல்கிறது என்பதில் வேறுபடுகின்றன. எந்த வழங்கி யாருக்காகக் கைமாற்றலாம் என்ற விதி 1998ஆம் ஆண்டையொட்டித் தலைகீழாக மாறியது. அதற்கு முன் அனைவருக்கும் கைமாற்றுவது மரியாதை. அதற்குப் பின் அதுவே குற்றம். இம்மாற்றத்தின் வரலாற்றையும், இன்றைய அமைப்பு முறையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

காரைக்காலும் கடப்பு அஞ்சலும்

பிறர் கடிதத்தைச் சுமந்து செல்லும் கடமை கணினிக்கு முன்பே இருந்த ஒன்று. காரைக்கால் அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1739இல் பிரெஞ்சுக்காரர் வசமான இவ்வூரை நிலப்பக்கம் முழுவதும் தஞ்சாவூர்ச் சீமை சூழ்ந்திருந்தது. பிரெஞ்சிந்தியாவின் தலைநகரான புதுச்சேரிக்குத் தரைவழியே ஒரு கடிதம் போக வேண்டுமென்றால் பிரிட்டிஷாரின் தஞ்சாவூர் மாவட்டத்தையும் தென்னார்க்காடு மாவட்டத்தையும் கடந்தே ஆக வேண்டும். ஒரே அரசின் இரண்டு ஊர்களுக்கு இடையில் வேற்று அரசின் சாலை இருந்தது.

1874இல் பெர்ன் நகரில் கையெழுத்தான உடன்படிக்கையால் உருவான பன்னாட்டு அஞ்சல் ஒன்றியம், இத்தகைய கடப்பு அஞ்சலைத் தடுக்கக் கூடாது என்பதை அடிப்படைக் கொள்கையாக வைத்தது. பிரிட்டிஷ் இந்தியாவும் பிரெஞ்சுக் குடியேற்றங்களும் 1876இல் அதில் சேர்ந்தன. அந்த ஏற்பாட்டில் ஒரு நுட்பம் உண்டு. கடிதத்தைத் தன் நாட்டின் வழியே கடத்திவிடும் அரசுக்கு எடைக்கும் தூரத்துக்கும் ஏற்பக் கடப்புக் கட்டணம் கிடைத்தது. அனுப்புபவரும் அஞ்சல் தலை ஒட்டிக் காசு கொடுத்திருந்தார். பிரெஞ்சிந்தியாவுக்கென்றே 1892 முதல் தனி அஞ்சல் தலைகள் இருந்தன. கைமாற்றும் கடமையும் கூலியும் சேர்ந்தே வந்தன. மின்னஞ்சலில் கடமை மட்டும் வந்தது, கூலி வரவில்லை. பின்னால் நேர்ந்த தொல்லைகளில் பெரும்பாலானவற்றுக்கு வேர் இதுதான் என்று சொல்லலாம்.

அண்டை வீட்டார் காலம்

1980களில் யூனிக்சு கணினிகள் பலவும் யு.யு.சி.பி. என்ற முறையில் தொலைபேசி வழியே இரவில் ஒன்றையொன்று அழைத்து மடல்களை மாற்றிக்கொண்டன. எல்லாக் கணினிக்கும் எல்லாக் கணினியோடும் தொடர்பு இல்லை. அண்டைக் கணினிகளோடு மட்டுமே உண்டு. ஆகவே அனுப்புபவரே வழியையும் எழுத வேண்டும். 'முதல்கணினி!இரண்டாம்கணினி!மூன்றாம்கணினி!பயனர்' என்று வியப்புக்குறி இட்டுப் பாதையைக் குறித்தார்கள். தஞ்சாவூர் போய், அங்கிருந்து கும்பகோணம் போய், கோயிலுக்குப் பக்கத்து வீடு என்று வழி சொல்லி அனுப்புவதைப் போன்றது இது.

நடுவில் உள்ள கணினிகள் தம் தொலைபேசிச் செலவில் பிறர் மடலைக் கைமாற்றின. அமெரிக்காவில் ஏ.டி. அண்டு டி. நிறுவனத்தின் 'ஐ.எச்.என்.பி.4' என்ற கணினி இப்படிப் புகழ்பெற்றது. அதன் பெயரை வழியில் சேர்த்துவிட்டால் மடல் எங்கேயும் போய்ச் சேரும் என்ற நம்பிக்கை இருந்தது.

அக்காலத்தில் அனுமதியே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. பீட்டர் அனிமன், டேவிட் நோவிட்சு, பிரையன் ரெட்மன் ஆகிய மூவர் 1983இல் எழுதிய 'அனிடான்பர்' பதிப்பில் 'பெர்மிஷன்ஸ்' என்றே ஒரு கோப்பு இருந்தது. எந்த அண்டைக் கணினி எந்தக் கோப்பைக் கேட்கலாம், எந்தக் கட்டளையை இயக்கலாம் என்பதை அதில் எழுதினார்கள். ஆனால் அந்தக் கோப்பு காத்தது கணினியின் கோப்புகளை. மடலைக் கைமாற்றும் 'ஆர்மெயில்' கட்டளையோ பெரும்பாலும் எல்லாருக்கும் திறந்தே இருந்தது.

இந்தியாவில் எர்நெட்

இந்தியாவில் மின்னஞ்சல் பரவியது எர்நெட் வழியாகத்தான். மின்னணுத்துறை, ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியுடன் 1986இல் இதைத் தொடங்கியது. சென்னை உட்பட ஐந்து ஐ.ஐ.டி.கள், பெங்களூரு இந்திய அறிவியல் கழகம், மும்பையில் இருந்த தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையமான என்.சி.எஸ்.டி., மின்னணுத்துறை ஆகிய எட்டு அமைப்புகள் அதில் இருந்தன. என்.சி.எஸ்.டி.யின் இயக்குநர் சீனிவாசன் இரமணி இம்முயற்சியின் முன்னோடிகளுள் ஒருவர். 2014இல் இணைய மதிப்பரங்கில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது.

தொடக்கத்தில் நாட்டின் வெளிநாட்டு மடல்கள் அனைத்தும் மும்பை என்.சி.எஸ்.டி. வாயிலைக் கடந்தே சென்றன. முதலில் நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் ஆய்வு மையத்தோடும், 1989இல் நொடிக்கு 9.6 கிலோபிட் வேகமுள்ள குத்தகைத் தடத்தின் வழியே அமெரிக்காவின் யு.யு.நெட்டோடும் அது தொடர்புகொண்டது. சென்னையில் ஒரு பேராசிரியர் எழுதிய மடலை மும்பை வாங்கி வெளிநாட்டுக்குக் கைமாற்றியது. இன்றைய கைபேசி ஒரு படத்தை ஏற்றும் வேகத்தோடு ஒப்பிட்டால் அந்தத் தடம் நூல் இழை. அதில் தேவையற்ற மடல் ஒன்று புகுந்தால் வேறொருவருடைய ஆய்வுக் கட்டுரை அத்தனை நேரம் காத்திருக்கும்.

பொதுமக்களுக்கு இணையம் கிடைத்தது 1995 ஆகஸ்டு 15 அன்று, வி.எஸ்.என்.எல். வழியாக. சென்னை, மும்பை, டெல்லி, கல்கத்தா ஆகிய பெருநகரங்களில்தான் முதலில் கணுக்கள் இருந்தன. காரைக்கால் போன்ற ஊரில் இருந்து இணைய வேண்டுமானால் தொலைதூர அழைப்புக் கட்டணம் தனி. மடலை முன்பே எழுதி வைத்துக்கொண்டு, இணைத்த உடன் அனுப்பித் துண்டிப்பதே சிக்கனம்.

திறந்தே இருந்த கதவு

இதற்கிடையில் ஜான் போஸ்டல் 1982 ஆகஸ்டில் ஆர்.எஃப்.சி. 821 என்ற ஆவணத்தில் எஸ்.எம்.டி.பி. நெறிமுறையை வரையறுத்திருந்தார். இன்றும் அதன் அடிப்படை மாறவில்லை. அனுப்பும் கணினி 25ஆம் வாயிலில் வந்து 'ஹெலோ' என்று தன் பெயரைச் சொல்லும். 'மெயில் ஃப்ரம்' என்று அனுப்புநரையும், 'ஆர்.சி.பி.டி. டூ' என்று பெறுநரையும் சொல்லும். பின்னர் 'டேட்டா' என்று மடலைக் கொடுக்கும். இதில் எங்கும் 'நீ யார் என்று நிரூபி' என்ற கேள்வி இல்லை. கடித உறையின் பின்புறத்தில் அனுப்புநர் முகவரியாக எதை வேண்டுமானாலும் எழுதலாம் அல்லவா, அதேபோலத்தான்.

பெறுநர் தன் ஊர்க்காரரா என்ற கேள்வியும் கட்டாயமாக இருக்கவில்லை. எரிக் ஆல்மன் பெர்க்லியில் எழுதிய 'சென்ட்மெயில்' நிரல் பல ஆண்டுகள் பெரும்பாலான வழங்கிகளில் இயங்கியது. அது யார் எந்த மடலைக் கொடுத்தாலும் வாங்கிச் சேர்த்தது. 'பயனர்%வேறுதளம்@இடைவழங்கி' என்று விழுக்காட்டுக் குறியிட்டு எழுதினால், இடைவழங்கி தன் பெயரை நீக்கிவிட்டு மீதியை முகவரியாகக் கொண்டு அனுப்பிவிடும். தடங்கள் அடிக்கடி அறுந்த காலத்தில் இது பெரிய உதவி.

இந்தக் கதவை விளம்பரக்காரர்கள் கண்டுகொண்டனர். அழைக்காத விளம்பர மடலுக்கு முதல் சான்றாகச் சொல்லப்படுவது, டெக் நிறுவனத்தின் கேரி துவெர்க் 1978 மே மாதம் ஆர்ப்பாநெட்டில் சுமார் 400 பேருக்கு அனுப்பியது. அவர் தம் நிறுவனத்தின் கணினியிலிருந்தே, தம் பெயரிலேயே அனுப்பினார். 1990களின் நடுவில் வந்தவர்கள் அப்படியல்லர். ஒரே ஒரு மடலை, ஆயிரக்கணக்கான பெறுநர் பட்டியலோடு, உலகின் எங்கோ இருக்கும் ஒரு கல்லூரி வழங்கியிடம் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். பட்டியல் முழுவதற்கும் படியெடுத்து அனுப்பும் வேலையும் செலவும் அந்தக் கல்லூரியுடையவை. திரும்பிவரும் மடல்களும் வசவுகளும் அந்தக் கல்லூரிக்கே. சிறிய தடம் வைத்திருந்த நாடுகளுக்கு இதனால் வந்த இழப்பு அதிகம். காசு கொடுத்து வாங்கிய அலைவரிசை, முகம் தெரியாத ஒருவரின் மருந்து விளம்பரத்துக்குச் செலவாயிற்று.

கதவு அடைபட்டது

1997இல் பால் விக்சி முதலானோர் 'ஆர்.பி.எல்.' என்ற கரும்பட்டியலை நடத்தத் தொடங்கினர். எரிதம் அனுப்பும், அல்லது அதற்கு இடங்கொடுக்கும் ஐ.பி. முகவரிகள் அதில் இடம்பெற்றன. பட்டியலை நம்பும் வழங்கிகள் அந்த முகவரிகளிலிருந்து எதையும் வாங்குவதில்லை. திறந்த ரிலேக்களைத் தேடிச் சோதித்துப் பட்டியலிட்ட 'ஆர்ப்ஸ்' என்பது பின்னர் வந்தது. கேட்காமலே பிறர் கதவைத் தட்டிப் பார்க்கிறது என்ற குறைகூறலுக்கும் வழக்குகளுக்கும் ஆளாகி 2001இல் மூடப்பட்டது.

1998 மே மாதம் வெளியான சென்ட்மெயில் 8.9 பதிப்பே திருப்புமுனை. அதுவரை வெளிப்படையாகத் தடுத்தால் ஒழிய ரிலே உண்டு. அதற்குப் பின் வெளிப்படையாக அனுமதித்தால் ஒழிய ரிலே இல்லை. அனுமதிக்க வேண்டிய தளங்களை 'ரிலே டொமைன்ஸ்' கோப்பில் எழுத வேண்டும். 'ஆக்சஸ்' என்ற மற்றொரு கோப்பில் ஒவ்வொரு முகவரிக்கும் எதிரே 'ரிலே', 'ஓகே', 'ரிஜெக்ட்' என்று தீர்ப்பு எழுதலாம். பழையபடி எல்லாருக்கும் திறந்துவிட விரும்புவோருக்காக ஒரு வசதியையும் விட்டுவைத்தார்கள். ஆனால் அதற்கு 'ஒழுக்கமற்ற ரிலே' என்ற பொருள்படும் பெயரைச் சூட்டினார்கள். '550 ரிலேயிங் டினைடு' என்ற மறுப்பு வரி அதன்பின் உலகெங்கும் பழகிப்போயிற்று. அதே ஆண்டு டிசம்பரில் வீட்சே வெனிமா எழுதிய 'போஸ்ட்ஃபிக்ஸ்' வெளியாயிற்று. தொடக்கம் முதலே அது அந்நியருக்கு ரிலே தருவதில்லை. 1999 பிப்ரவரியில் ஆர்.எஃப்.சி. 2505, ரிலேயைக் கட்டுப்படுத்துவதை எல்லா வழங்கிகளுக்குமான பரிந்துரையாக்கியது.

எல்லாரும் இதை வரவேற்றனர் என்று சொல்ல முடியாது. மின்னணு எல்லை அறக்கட்டளையை நிறுவியவர்களுள் ஒருவரான ஜான் கில்மோர், தம் 'டோட்.காம்' வழங்கியைக் கொள்கையாகவே திறந்து வைத்திருந்தார். பயணத்தில் இருப்பவர்களும் நண்பர்களும் அதன் வழியே மடல் அனுப்பட்டும் என்பது அவர் வாதம். யாரோ சிலர் செய்யும் தவறுக்காக இணையத்தின் திறந்த தன்மையை விட்டுக்கொடுக்கக் கூடாது என்றார். 2001இல் அவருடைய இணையச் சேவை நிறுவனமான வெரியோ அவர் மடல் அனுப்பும் வாயிலை அடைத்தது. அவர் வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அவர் திறந்து வைத்த கதவின் வழியே வந்த எரிதத்தைச் சுமந்தவர்கள் அவருடைய நண்பர்கள் மட்டும் அல்லர்.

வெளியூரில் இருக்கும் சொந்தப் பயனரின் சிக்கல்

கதவை அடைத்ததும் புதிய சிக்கல் முளைத்தது. காரைக்காலில் ஒரு கல்லூரி தனக்கென அஞ்சல் வழங்கி வைத்திருப்பதாகக் கொள்வோம். கல்லூரி வளாகத்துக் கணினிகளின் ஐ.பி. முகவரிகள் வழங்கிக்குத் தெரியும். அவற்றுக்கு ரிலே உண்டு. ஆசிரியர் ஒருவர் மாலையில் திருநள்ளாற்றில் உள்ள தம் வீட்டிலிருந்து அனுப்ப முயன்றால், வழங்கியின் கண்ணுக்கு அவரும் எரிதக்காரரும் ஒன்றே.

முதலில் கண்ட தீர்வு சற்று வேடிக்கையானது. வந்த மடல்களைப் படிக்க வேண்டுமானால் 'பாப்' முறையில் கடவுச்சொல் கொடுத்தாக வேண்டும். அப்படிக் கொடுத்தவரின் ஐ.பி. முகவரிக்குச் சில நிமிடங்கள் ரிலே அனுமதி தரப்பட்டது. 'முதலில் படி, பிறகு அனுப்பு' என்பதே விதி. விவரம் அறியாத பயனர்கள் ஒரு முறை அனுப்பினால் போகிறது, மறுமுறை போவதில்லை என்று குழம்பினர்.

முறையான தீர்வுகள் இரண்டு ஆவணங்களில் வந்தன. 1998 டிசம்பரில் வெளியான ஆர்.எஃப்.சி. 2476, பயனர் மடலை ஒப்படைப்பதற்கு 587 என்ற தனி வாயிலை ஒதுக்கியது. 1999 மார்ச்சில் வந்த ஆர்.எஃப்.சி. 2554, அனுப்பும்போதே பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் வசதியைச் சேர்த்தது. 25 வழங்கிக்கும் வழங்கிக்கும் இடையில். 587 பயனருக்கும் அவர் வழங்கிக்கும் இடையில். பயனர் தம் மடலை ஒப்படைக்கும் வழியும், வழங்கிகள் தமக்குள் மாற்றிக்கொள்ளும் வழியும் இவ்வாறு பிரிந்தன.

இன்றைய அமைப்பு

போஸ்ட்ஃபிக்ஸ் வழங்கியில் ரிலே அனுமதி 'எஸ்.எம்.டி.பி.டி. ரிலே ரெஸ்ட்ரிக்ஷன்ஸ்' என்ற ஒரே வரியில் எழுதப்படுகிறது. 2013இல் வந்த 2.10 பதிப்பு முதல் இது தனி வரி. அதற்கு முன் எரிதத் தடுப்பு விதிகளோடு கலந்து கிடந்ததால், ஒன்றைத் திருத்தப்போய் மற்றொன்றைத் திறந்துவிடும் தவறு நேர்ந்தது. அவ்வரியில் மூன்று விதிகள் வரிசையாக நிற்கும். என் வலையத்துக் கணினியா, அனுமதி. கடவுச்சொல் கொடுத்தவரா, அனுமதி. இவ்விரண்டும் இல்லையென்றால், என் தளத்துக்கு வராத மடலைத் திருப்பு. வரிசை முக்கியம், முதலில் பொருந்தும் விதியே தீர்ப்பு. மூன்றாவது விதியைப் போன்ற மறுப்பு விதி எங்குமே இல்லாவிட்டால் போஸ்ட்ஃபிக்ஸ் மடல் வாங்கவே மறுத்துவிடும்.

தவறுகள் பெரும்பாலும் முதல் விதியில்தான் நடக்கின்றன. என் வலையம் எது என்பதை 'மைநெட்வொர்க்ஸ்' என்ற வரி சொல்கிறது. படிவருடி போன்ற சில கருவிகளுக்குக் கடவுச்சொல் கொடுக்கத் தெரியாது. அவற்றுக்காக அவற்றின் ஐ.பி. முகவரியைச் சேர்க்கிறார்கள். ஒவ்வொன்றாகச் சேர்க்கச் சோம்பி, முழு வலையத்தையும் சேர்த்துவிடுவோர் உண்டு. முன்பு போஸ்ட்ஃபிக்ஸே தன் உள்வலையம் முழுவதையும் இயல்பாக நம்பியது. 2015இல் வந்த 3.0 பதிப்பு முதல் தன்னை மட்டுமே நம்புகிறது.

மற்றொரு தவறு கண்ணுக்குத் தெரியாதது. வழங்கிக்கு முன்னால் இருக்கும் தீயரண், வெளியிலிருந்து வரும் எல்லா இணைப்புகளையும் தன் உள்முகவரிக்கு மாற்றிக் கொடுக்குமானால், வழங்கிக்கு உலகமே உள்ளிருந்து வருவதாகத் தோன்றும். வழங்கியின் அமைப்புக் கோப்பில் ஓர் எழுத்துகூடப் பிழை இருக்காது. ஆனாலும் ரிலே திறந்திருக்கும். எனவே வளாகத்துக்கு வெளியே உள்ள ஓர் இணைப்பிலிருந்து, கடவுச்சொல் இல்லாமல், வேறொரு தளத்து முகவரிக்கு மடல் கொடுத்துப் பார்ப்பதே நம்பத்தக்க சோதனை. '554' அல்லது '550' என்று தொடங்கும் மறுப்பு வர வேண்டும்.

திறந்திருந்தால் சில மணி நேரத்திலேயே கரும்பட்டியலில் பெயர் ஏறிவிடக் கூடும். அதன்பின் அந்தக் கல்லூரியிலிருந்து மாணவர் ஒருவருக்காக எழுதப்பட்ட பரிந்துரைக் கடிதமும் விளம்பர மடலோடு சேர்ந்து திரும்பிவரும். நுழைவுக்கான கடைசி நாளுக்காகப் பட்டியல்கள் காத்திருப்பதில்லை.

முன்னனுப்புதல்

வீடு மாறியவருக்கு வந்த கடிதத்தை அஞ்சல்காரர் புது முகவரி எழுதி அனுப்புவது உண்டு. எஸ்.எம்.டி.பி.யும் தொடக்கத்திலேயே இதற்கு இடமளித்தது. '251' என்ற விடைக்கு, இவர் இங்கில்லை, நானே அனுப்பிவிடுகிறேன் என்று பொருள். '551' என்றால், இவர் இங்கில்லை, இந்த முகவரிக்கு நீயே அனுப்பு. ஒருவரின் புது முகவரியைக் கேட்டவர்க்கெல்லாம் சொல்வது அந்தரங்கத்துக்குக் கேடு என்பதால் இவ்விடைகள் அருகிவிட்டன. இன்று வழங்கி ஒன்றும் சொல்லாமல் அனுப்பிவிடுகிறது.

2006இல் ஆர்.எஃப்.சி. 4408 வழியே வந்த எஸ்.பி.எஃப். முறை இதைக் குலைத்தது. ஒரு தளத்தின் பெயரில் எந்த ஐ.பி. முகவரிகள் அனுப்பலாம் என்று அத்தளமே அறிவிக்கும் முறை அது. வங்கி ஒன்று கல்லூரி முகவரிக்கு மடல் அனுப்புகிறது. கல்லூரி வழங்கி அதை ஆசிரியரின் ஜிமெயிலுக்கு முன்னனுப்புகிறது. ஜிமெயில் பார்ப்பது கல்லூரியின் ஐ.பி.யை; வங்கியின் பட்டியலில் அது இல்லை. உண்மையான மடல் போலி ஆகிவிடுகிறது. உறையின் அனுப்புநர் முகவரியைக் கல்லூரி வழங்கி தன் பெயரில் மாற்றி எழுதும் 'எஸ்.ஆர்.எஸ்.' முறை இதற்கு ஒட்டுப்போட்டது. மடலுக்குள்ளேயே கையொப்பம் வைக்கும் 'டி.கே.ஐ.எம்.' முறை இன்னும் உறுதியானது. மடலின் உள்ளடக்கத்தைத் தொடாதவரை முன்னனுப்பினாலும் கையொப்பம் செல்லும்.

மடற்குழுக்கள் உள்ளடக்கத்தைத் தொடுகின்றன. தலைப்பில் குழுவின் பெயரையும் அடியில் விலகும் முறையையும் சேர்க்கின்றன. 2014 ஏப்ரலில் யாகூ, தன் பெயரில் வந்து சோதனையில் தவறும் மடல்களை அறவே மறுக்குமாறு 'டிமார்க்' முறையில் அறிவித்தது. அதே மாதம் ஏ.ஓ.எல். தொடர்ந்தது. யாகூ முகவரியிலிருந்து குழுவுக்கு எழுதியவர்களின் மடல்கள் மற்ற உறுப்பினர்களுக்குப் போகாமல் திரும்பின. இணையத் தமிழ் வளர்ந்ததே மடற்குழுக்களில்தான். இலக்கணமும் கல்வெட்டும் எழுத்துருவும் அங்கேதான் விவாதிக்கப்பட்டன. அனுப்புநர் இடத்தில் எழுதியவரின் முகவரிக்குப் பதிலாகக் குழுவின் முகவரியை இட்டு, கூகுள் குழுமங்கள் போன்றவை ஒருவாறு சமாளித்தன. யார் எழுதினார் என்பது மங்கலானது அதற்குக் கொடுத்த விலை. இடைவழங்கிகள் தாம் பார்த்த சோதனை முடிவுகளை முத்திரையிட்டு அனுப்பும் 'ஆர்க்' முறை 2019இல் ஆர்.எஃப்.சி. 8617 ஆக வெளியானது.

முன்னனுப்புவதற்கும் இப்போது அனுமதி வேண்டும். ஜிமெயிலில் வேறு முகவரியைக் குறித்தால், அம்முகவரிக்கு உறுதிப்படுத்தும் மடல் போகும். அங்கிருப்பவர் ஒப்பினால்தான் மடல்கள் செல்லும். இல்லையேல் பிடிக்காத ஒருவரின் பெட்டியை நிரப்ப இதுவே எளிய வழியாகிவிடும். 2015இல் அறிவிக்கப்பட்ட இந்திய அரசின் மின்னஞ்சல் கொள்கை, அலுவல் முகவரிக்கு வரும் மடல்களை வெளியிலுள்ள சொந்த முகவரிக்கு முன்னனுப்புவதைப் பாதுகாப்புக் கருதித் தடை செய்தது. அந்தத் தடையின் நோக்கம் எரிதமன்று. அரசுக் கோப்பு யார் வழங்கியில் தங்குகிறது என்பதே அங்குக் கேள்வி.

தமிழ் முகவரிகள்

காரைக்கால் திருவேட்டக்குடியில் 2010இல் தொடங்கப்பட்ட புதுச்சேரி தேசிய தொழில்நுட்பக் கழகத்தின் இணையப் பெயர் 'ஏ.சி.இன்' என்று முடிகிறது. இந்தியக் கல்வி நிறுவனங்களுக்கு அப்பெயர்களை வழங்குவது, அன்று மும்பை வழியே மடல்களைக் கைமாற்றிய அதே எர்நெட்.

இனி முகவரியையே தமிழில் எழுதலாம். 'இலங்கை' என்று முடியும் இணையப் பெயர் 2010இலும், 'இந்தியா', 'சிங்கப்பூர்' என்று முடிபவை 2011இலும் தமிழ் எழுத்தில் நடைமுறைக்கு வந்தன. '@' குறிக்கு முன்னும் தமிழில் எழுத ஆர்.எஃப்.சி. 6531 என்ற ஆவணம் 2012 பிப்ரவரியில் வழிவகுத்தது. ஜிமெயில் 2014இலும் போஸ்ட்ஃபிக்ஸ் 2015இலும் இதை ஏற்றன. ஆனால் வழியில் உள்ள ஒவ்வொரு வழங்கியும் 'எஸ்.எம்.டி.பி. யு.டி.எஃப்.8' என்ற வசதி தனக்கு உண்டென்று முதலில் அறிவிக்க வேண்டும். முந்தைய சோதனை முறையில் தமிழ் முகவரியை ஆங்கில எழுத்து முகவரியாக இறக்கி அனுப்பும் ஏற்பாடு இருந்தது. குழப்பம் மிகுந்ததால் அதைக் கைவிட்டார்கள். ஆகவே இரு முனைகளும் தமிழ் அறிந்திருந்தாலும், நடுவில் உள்ள பழைய எரிதவடிகட்டி ஒன்று அறியாவிட்டால், அது மடலைக் கைமாற்றாது. மடல் அனுப்பியவருக்கே திரும்பிவிடும்.